இரு பாலங்கள், ஒரு பெயர்

கொச்சியின் தோப்பும்படியில் காயலின் மேல் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1940-ஐ ஒட்டி வந்தது. மற்றது 2001-இல் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரியிலிருந்து வெலிங்டன் தீவுக்கும், அங்கிருந்து எர்ணாகுளத்துக்கும் சாலை வழியே போகிறவர்களுக்கு இவைதான் வழி. பழைய பாலத்தைக் காட்டி யார் கட்டியது என்று கேட்டால், தேநீர்க் கடைக்காரர்கூட யோசிக்காமல் சொல்வார்: பிரிஸ்டோ சாயிப்பு. புதியதைக் காட்டிக் கேட்டால், "அது பி.ஓ.டி. பாலம்" என்று பதில் வரும். கட்டி, நடத்தி, பின் அரசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறைக்கு உள்ள சுருக்கப் பெயர் அது. ஒன்றைக் கட்டியவர் பெயரால் நினைவில் வைத்திருக்கும் ஊர், அறுபது ஆண்டு கழித்து வந்ததைப் பணம் வந்த வழியால் நினைவில் வைத்திருக்கிறது.

பழைய பாலத்தின் நடுக்கண் மேலே தூக்கக்கூடியது. மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் நீர்வழியே மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளுக்குப் போய்வந்த நாட்களில், உயரமான கலம் ஒன்று வந்தால் சாலை நின்று காயலுக்கு வழிவிட்டது. இன்று அந்தக் கண் தூக்கப்படுவதில்லை. கனரக வண்டிகளுக்கும் அதில் அனுமதியில்லை. ஸ்கூட்டரும் ஆட்டோவும் சிறிய கார்களும் போய்வருகின்றன. லாரியும் பேருந்தும் புதிய பாலத்துக்கு மாறிவிட்டன. கேரளத்தில் பி.ஓ.டி. முறையில் வந்த முதல் பாலம் அதுவே. காமன் இந்தியா நிறுவனம் கட்டியது. 2014 வரை சுங்கம் வசூலானது. சுங்கச்சாவடியில் சில்லறைக்காக நின்ற நேரமும், வசூலை நிறுத்தச் சொல்லி நடந்த போராட்டங்களும் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பாலத்தின் தூண்களைக் கணக்கிட்டவர் யார் என்ற பேச்சு அந்தப் போராட்டங்களில் எழவில்லை. எழ வேண்டிய இடமும் அதுவல்ல.

துறைமுகப் பொறியாளரான ராபர்ட் பிரிஸ்டோ 1920 ஏப்ரலில் கொச்சிக்கு வந்தார். அப்போது கொச்சி அழிமுகத்தின் குறுக்கே கெட்டிப்பட்ட மணல்திட்டு ஒன்று கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கு படகுகளில் ஏறி இறங்கியது. திட்டை வெட்டினால் கரை அரித்துப் போகும், வைப்பின் கரை கடலோடு போய்விடும் என்ற அச்சம் அவருக்கு முன்பிருந்தவர்களைத் தடுத்தது. அவர் அலையையும் மணலோட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். பிறகு 'லார்ட் வெலிங்டன்' என்ற தூர்வாரும் கப்பலைக் கொண்டு வாய்க்காலை வெட்டினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம் ஏறத்தாழ 780 ஏக்கர். அதுதான் இன்றைய வெலிங்டன் தீவு. தீவைக் கரையோடு இணைக்க இருபுறமும் பாலங்கள் வேண்டியிருந்தன: எர்ணாகுளம் பக்கம் வெண்டுருத்தி, மட்டாஞ்சேரி பக்கம் தோப்பும்படியின் பழைய பாலம். 1941 ஏப்ரலில் அவர் ஊரைவிட்டுப் போனபோது, வந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலத்தின் ஒவ்வொரு உத்திரத்தையும் அவரே வரைந்திருக்க முடியாது. அவருக்குக் கீழே படம் வரைந்தவர்களும், காயல் சேற்றில் இறங்கித் தூண் நாட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரையெல்லாம் ஊர் மறந்து, ஒரே பெயரை வைத்துக்கொண்டது. அதிகாரம் ஒரே மேசையில் குவிந்திருந்த காலத்தில் புகழும் அங்கேயே போய்ச் சேர்ந்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். போதாததற்கு அவர் எழுதவும் தெரிந்தவர். தன் கொச்சி வாழ்வை 'கொச்சின் சாகா' என்று 1959-இல் புத்தகமாகவே வெளியிட்டார். தன் வேலையைத் தானே எழுதிவைத்த பொறியாளரைச் சந்ததி மறப்பது கடினம். இன்று தீவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

தேனி மாவட்டத்து விவசாயி பென்னிகுயிக்கை வைத்திருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். 1895-இல் முல்லைப்பெரியாறு அணையை முடித்தவருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம், தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், ஜனவரி 15 அன்று அவருக்காகப் பொங்கல். வயலுக்கு வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. துறைமுகம் தந்த வாழ்வு அத்தனை நேராகத் தெரிவதில்லை.

அதற்கும் முன்னால் இந்த மண்ணில் வேறொரு முறை இருந்தது. நல்ல கோயிலோ கூத்தம்பலமோ எழுப்பிய மூத்த தச்சருக்கு அரசர் பட்டும் வளையும் கொடுத்தார். கையில் வளை ஏறியவரை ஊரே அறியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. அரசன் தன் பெயரையே தச்சனுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான். எல்லாருக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை என்பதற்கு மட்டாஞ்சேரியே சாட்சி. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்த அரண்மனையை, அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். அது இன்று டச்சு அரண்மனை. பழுதுபார்த்தவர்களுக்குப் பெயர் போய்விட்டது. முடிசூட்டு மண்டபத்தின் மர விதானத்தை இழைத்துச் செதுக்கிய ஆசாரிகளை ஊர் பெயர் சொல்லி அறியாது.

இன்று பாராட்டுக்குக் குறைவில்லை. 1982-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியக் கான்கிரீட் நிறுவனம் சிறந்த கட்டுமானங்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் விருது தருகிறது. பாலங்களுக்கென்று தனிச் சங்கங்கள் உண்டு. சூரிச்சில் 1929 முதல் இயங்கும் பாலம் மற்றும் கட்டமைப்புப் பொறியியல் சங்கம் உலக அளவில் சிறந்த கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. நம் ஊர்களில் சில விருதுகளின் பெயரோடு சிமெண்ட் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வருகிறது. ஓட்டல் அரங்கில் விழா, சால்வை, கேடயம், குழுப்படம். மறுநாள் நாளிதழில் எங்காவது இரண்டு வரி வந்தால் உண்டு. துறைக்குள்ளே இவற்றுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. துறைக்கு வெளியே, அந்தப் பாலத்தின் மேல் தினமும் போகிறவருக்கு இப்படி ஒரு விருது இருப்பதே தெரியாது.

ஒருவரைப் பாராட்டுவது இன்று கடினமாகிவிட்டது என்பதும் உண்மை. கொச்சியின் அடியில் இருப்பது இளகிய கடற்களிமண். பாரம் தாங்கும் அடுக்கைத் தொட, பைல்களை நாற்பது, ஐம்பது மீட்டர்கூட இறக்க வேண்டியிருக்கிறது. மண்ணைச் சோதிப்பவர் ஒருவர், வடிவமைப்பவர் இன்னொருவர். அவர் கணக்கை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க மூன்றாவதாக ஒரு ஐ.ஐ.டி. அல்லது வேறொரு ஆலோசனை நிறுவனம். கட்டுபவர், கண்காணிப்பவர் தனித்தனி. பிரிஸ்டோ காலத்தில் ஸ்லைடு ரூலும் மடக்கை அட்டவணையும் வைத்துப் போட்ட கணக்கை ஒரு தலைமைப் பொறியாளரின் அனுபவம் சரிபார்த்தது. தவறு இருக்குமோ என்ற ஐயத்துக்கு இரும்பைக் கூடுதலாகப் போட்டார்கள். இன்று ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் போன்ற கணினி மென்பொருள்கள் காற்றையும் நிலநடுக்கத்தையும் நூறு விதமாகச் சேர்த்துப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை தருகின்றன. அதே இரும்பில் நீளமான கண்களைக் கட்ட முடிகிறது. இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடத்துக்கு வேம்பநாட்டுக் காயலின் மேல் போகும் 4.62 கிலோமீட்டர் ரயில் பாலம் மூன்று ஆண்டுக்குள் எழுந்து நின்றது. 2011-இல் அது திறக்கப்பட்டபோது நாட்டிலேயே நீளமான ரயில் பாலம் அதுதான். ரயில் விகாஸ் நிகம், ஆஃப்கான்ஸ் என்ற நிறுவனப் பெயர்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். தூண் வரைந்த ஒரு மனிதரின் பெயரை நான் எந்த உள்ளூர்க்காரர் வாயிலும் கேட்டதில்லை.

தூக்குப் பாலங்களிலும் இதே கதைதான். 1914-இல் வந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குக் கண்ணை ஷெர்சர் பாலம் என்றே அழைத்தார்கள். ஷெர்சர் என்பது அந்த முறையைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளரின் பெயர். ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித் தள்ளி அதைத் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் மின்சாரத்தால் நேர்மேலே எழுகிறது. வேகமும் பாதுகாப்பும் கூடின. வடிவமைப்பு ஸ்பெயின் நாட்டு நிறுவனம், சரிபார்ப்பு நம் ஐ.ஐ.டி.கள் என்று செய்திகள் சொல்லின; தனி மனிதர் பெயர் அந்தச் செய்திகளில் அரிது.

இதற்கெல்லாம் விலக்காக ஒருவர் இருக்கிறார், அவரும் பாம்பன் வழியாகவே வந்தவர். 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாலத்தின் கண்களை அடித்துப் போனபோது, சீரமைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் 46 நாளில் முடித்தார். ரயில்வே அமைச்சரின் விருது வந்தது. பிறகு கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைவரானார். அங்கு கட்டப்பட்ட முதல் கப்பலான 'ராணி பத்மினி' அவர் காலத்தில்தான் நீரில் இறங்கியது. கொங்கண் ரயில், தில்லி மெட்ரோ, 2001-இல் பத்மஸ்ரீ, 2008-இல் பத்மவிபூஷண், கொச்சி மெட்ரோ. கேரளத்தில் ஆட்டோ ஓட்டுநருக்கும் பெயர் தெரிந்த பொறியாளர் இன்று அவர் ஒருவரே எனலாம். அவருக்குக் கிடைத்த புகழும் குறித்த நாளில் முடிப்பவர் என்பதற்காகத்தான் பெரிதும் வந்தது. கட்டமைப்பின் அழகுக்கோ கணக்கின் நுட்பத்துக்கோ ஒருவரைக் கொண்டாடும் பழக்கம் நம்மிடம் இல்லை.

கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இலேயே தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பத்து மாடியின் பாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போடும் கட்டமைப்புப் பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. உள்ளாட்சிகளின் பதிவும் சங்க உறுப்பினர் எண்ணுமே அவருக்கு அடையாளம். விருது மேடைக்கு முன்னால் கேட்க வேண்டியது இதுவென்று எனக்குப் படுகிறது.

பெயர் வெளியே வரும் தருணங்களும் உண்டு. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் மரடில் காயலோர விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எந்தத் தூணில் எவ்வளவு வெடி, எந்தப் பக்கம் சாயும், பக்கத்துப் பாலத்துக்கு என்ன ஆகும் என்று நாள்கணக்கில் தொலைக்காட்சிகள் விளக்கின. மும்பையின் எடிஃபிஸ், சென்னையின் விஜய் ஸ்டீல்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஜெட் டெமாலிஷன் என்ற பெயர்கள் கொச்சிக்காரர்களுக்குப் பழகிப்போயின. அந்த மாடிகளை நிறுத்தியவர்களின் பெயரை எவரும் கேட்கவில்லை. சட்டப்படி தவறான இடத்தில் நின்றாலும், கட்டமைப்பில் அவை ஒன்றும் குறைந்தவை அல்ல.

கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் இதற்கு நேர் எதிர். 2016 அக்டோபரில் மேடை போட்டுத் திறந்தார்கள். மூன்று ஆண்டு முடியுமுன் 2019 மே மாதம் மூடினார்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ந்தபோது 102 கர்டர்களில் 97-இல் விரிசல் தெரிந்தது. லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. வடிவமைத்தவர், கட்டியவர், அனுமதித்தவர் என்று எல்லார் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தியில் வந்தன. நன்றாக நிற்கும் பாலத்தில் எவரும் தேடாத பெயர்கள் இங்கே ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தபின் 2020 செப்டம்பர் கடைசியில் இடிப்பு தொடங்கியது. பொறுப்பு தில்லி மெட்ரோவிடமும் ஸ்ரீதரனிடமும் போனது. வேலையைச் செய்தது வடகரைப் பக்கத்து ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். 1925-இல் கூலித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. தூண்களை இடிக்காமல் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்தி வலுவாக்கினார்கள். மேலே புதிய கர்டர்கள் ஏறின. ஆறு மாதத்துக்குள் வேலை முடிந்தது.

2021 மார்ச் 7 அன்று போக்குவரத்து தொடங்கியது. சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் திறப்பு விழா இல்லை. ரிப்பன் வெட்ட அமைச்சர் இல்லை, மேடை இல்லை. முதல் முறை திறந்தபோது அவை எல்லாமே இருந்தன.