டிரைவரைக் காணோம்!

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி காரைக்கால்ல இருந்து அத்தை போன் பண்ணாங்க. திருநள்ளாறு பக்கத்துல நாலு ரூம் வாடகைக்கு விடுறாங்க. புக்கிங் வெப்சைட் நான் செஞ்சு கொடுத்தது. அன்னைக்குச் சாயங்காலம்தான் அதைப் புது சர்வருக்கு மாத்தியிருந்தேன்.

"தம்பி, 'குட் நாட் ஃபைண்ட் டிரைவர்'னு வருதுடா. விடிஞ்சா சனிக்கிழமை, கூட்டம் வந்துடும். யாருக்கு எந்த ரூம்னு அதுலதானே இருக்கு? எல்லாம் போச்சா?"

போகலை. இந்தப் பிழை வந்தா, பிஎச்பி இன்னும் டேட்டாபேஸ் வாசலுக்கே போகலைன்னு அர்த்தம். பாஸ்வேர்டு தப்புன்னா 'ஆக்சஸ் டினைடு'ன்னு வரும். அது வேற நோய்.

பாண்டிச்சேரியில டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியா இருந்தார் இல்லையா? அதே வேலைதான் டிரைவருக்கும். பிஎச்பியில பிடிஓ என்பது பொதுவான கவுன்டர். மைஎஸ்க்யூஎல் பாஷை பேச 'பிடிஓ மைஎஸ்க்யூஎல்' என்கிற துபாஷி தனியா வேணும். உபுண்டுவுல அது தனிப் பேக்கேஜ். பிஎச்பி போட்டா கூடவே வந்துடாது.

சரின்னு 'பிஎச்பி-மைஎஸ்க்யூஎல்' பேக்கேஜை நிறுவினேன். டெர்மினல்ல 'பிஎச்பி, ஸ்பேஸ், ஹைஃபன், சின்ன எம்' அடிச்சேன். பட்டியல்ல டிரைவர் இருக்கு! ஆனா சைட்ல அதே பிழை.

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்குவாங்க. டெர்மினல்ல ஓடுற பிஎச்பி வேற, வெப் சர்வருக்காக ஓடுற எஃப்பிஎம் வேற. ரெண்டுக்கும் அமைப்புக் கோப்புகளே தனித்தனி. 'பிஎச்பி-இன்ஃபோ' பக்கத்தை பிரவுசர்ல திறந்தேன். சைட் ஓடுறது 8.1-ல. நான் டிரைவர் போட்டது சர்வரோட இயல்பான பதிப்பான 8.3-க்கு. பழைய கோடுக்காக 8.1-ஐ நிறுவினதும் நான்தான், மறந்ததும் நான்தான்.

'பிஎச்பி 8.1-மைஎஸ்க்யூஎல்' போட்டு, 8.1 எஃப்பிஎம்-ஐ ரீஸ்டார்ட் பண்ணேன். சைட் வந்துடுச்சு. அந்த இன்ஃபோ பக்கத்தை உடனே அழிச்சுட்டேன். சர்வரோட உள்விவரத்தை ஊருக்கே காட்டிக்கிட்டிருக்கும்.

இவ்வளவும் செஞ்சும் சரியாகலைன்னா, கனெக்‌ஷன் வரியோட முதல் வார்த்தையைப் பாருங்க. 'மைஎஸ்க்யூஎல்' என்பதுல ஒரு எழுத்து விட்டுப்போனாலும் இதே பிழைதான்.

அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "டிரைவர் கிடைச்சாச்சு அத்தை."

"இருந்த ஆளை எதுக்குடா நிறுத்தினே?"

நியாயமான கேள்வி. அடுத்த தடவை சர்வர் மாத்தும்போது, பழசுல 'ஹைஃபன் எம்' பட்டியலை முதல்ல எடுத்து வெச்சுப்பேன். வெள்ளிக்கிழமையும் மாத்த மாட்டேன்.