நெல் மானியம் யாருக்கு, எப்படி வருகிறது? பாலிக் புலாவ் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாலிக் புலாவ் என்றாலே பலருக்கு டுரியானும் ஜாதிக்காயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுங்கை பூரோங் பக்கம் போனால் பச்சைப் பசேலென நெல் வயல்களையும் பார்க்கலாம். மலையில் டுரியான் போடுபவரும் வயலில் நெல் நடுபவரும் விவசாயிகள்தான். இருந்தாலும் அரசாங்கத்திடமிருந்து இருவருக்கும் கிடைக்கும் உதவி ஒன்றல்ல. ஏன்?

நெல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உதவி?

அரிசி நாட்டின் முதன்மை உணவு. அதன் விலையை அரசாங்கம் கட்டுக்குள் வைத்திருப்பதால், பயிரிடுபவருக்கு ஏற்படும் இழப்பை மானியம் ஈடு செய்கிறது. டுரியான் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. அதனால் அதற்கு விலை மானியம் இல்லை.

என்னென்ன கிடைக்கும்?

முதலாவது, குறைந்தபட்ச கொள்முதல் விலை. இது 2025 பிப்ரவரி 16 முதல் ஒரு டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்கு முந்தைய மாதம் நெல் விவசாயிகள் புத்ராஜெயாவில் ஒன்றுகூடி 1,800 ரிங்கிட் கேட்டிருந்தனர்.

இரண்டாவது, விலை மானியம். 2024-இல் இது டன்னுக்கு 360 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டானது.

இவை தவிர உர உதவியும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில், உழவுக்கான ஊக்கத்தொகை ஹெக்டருக்கு 100 ரிங்கிட்டிலிருந்து 160 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அறுவடைக்கும் ஒரு பருவத்துக்கு ஹெக்டருக்கு 50 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் ஒரு டன்னுக்கு 2,000 ரிங்கிட் கையில வருமா?

அங்கேதான் சிக்கல். ஆலையில் ஈரப்பதம், பதர், தூசு ஆகியவற்றுக்காக எடையைக் கழிப்பார்கள். கணக்கு மீதமுள்ள நிகர எடைக்குத்தான். எடுத்துக்காட்டுக்கு, நீங்கள் 1,000 கிலோ கொண்டு போய் 20 விழுக்காடு கழிந்தால் மிஞ்சுவது 800 கிலோ. விலை 1,200 ரிங்கிட், மானியம் 400 ரிங்கிட். மொத்தம் 1,600 ரிங்கிட்தான். கழிவு 25 விழுக்காடானால் 1,500 ரிங்கிட்டுக்கு இறங்கிவிடும். அதனால் எடைச் சீட்டில் கழிவு எவ்வளவு என்று பார்க்காமல் ஆலையை விட்டுக் கிளம்பாதீங்க. அந்தச் சீட்டுதான் உங்கள் ஆதாரம்.

பணம் எப்படித் தரப்படுகிறது என்பதும் சின்ன விஷயமல்ல. 1980 ஜனவரி 23-ஆம் தேதி அலோர் ஸ்டாரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டதற்குக் காரணம், மானியத்தைக் கூப்பனாகத் தராமல் ரொக்கமாகத் தர வேண்டும் என்ற கோரிக்கைதான்.

நிலம் சொந்தமில்லை என்றால்?

மானியத்தின் நோக்கம் பயிரிடுபவருக்கு உதவுவது. வெறுமனே நிலம் வைத்திருப்பவருக்கு அல்ல. ஆனால் பணம் போவது பதிவில் உள்ள பெயருக்கு. குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டும் பதிவு நில உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், அல்லது காலமான அப்பாவின் பெயரிலேயே கிடந்தால், உழைப்பு ஒருவருடையது, பணம் வேறு எங்கோ என்றாகிவிடும். குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள். பருவம் தொடங்கும் முன்பே மாவட்ட விவசாய அலுவலகத்தில் பதிவைச் சரிபாருங்கள்.

டுரியான் விவசாயிக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தபோது, புடி மடானி திட்டத்தில் சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. ஆண்டு விற்பனை 50,000 முதல் 300,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவர்களுக்காக அது அறிமுகமானது. சாலையோரம் கூடையில் விற்று ரசீதே வைத்திராதவர் அதை எப்படி நிரூபிப்பார்? எனவே, இந்தப் பருவத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் விற்பனையைக் குறித்து வையுங்கள். மொத்த வியாபாரியிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

நெல்லோ டுரியானோ, தகுதி இருந்தால் மட்டும் போதாது. தாளும் சரியாக இருக்க வேண்டும்.