இ-சேவை மையத்துக்கு எந்தக் கணினி? அசெம்பிள் செய்வதா, ஆல்-இன்-ஒன் வாங்குவதா?

மே, ஜூன் வந்தாலே இ-சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று காலேஜ் அட்மிஷனுக்கான கூட்டம். அந்த நேரம் பார்த்து மையத்தின் கணினி படுத்துவிட்டால்? முகையூர் பக்கத்து மாணவர் திருக்கோவிலூருக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். அவருக்கு அரை நாள் போச்சு. மையம் நடத்துபவருக்கு அன்றைய வருமானமே போச்சு.

'அனைவருக்கும் இ-சேவை மையம்' திட்டம் 2023-ல் வந்த பிறகு, படித்த இளைஞர்கள் சொந்தமாகவே மையம் தொடங்க முடிகிறது. கணினி, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, இணைய இணைப்பு ஆகியவை கையில் இருக்க வேண்டும். அப்போது எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். 'ரிப்பேர் ஆனால் எத்தனை நாள் மூடிக் கிடக்கும்?' என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும்.

ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. திரைக்குப் பின்னாலேயே மொத்தக் கணினியும் அடங்கிவிடும். வயர் குறைவு, மேசையில் இடமும் மிச்சம். ஆனால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் லேப்டாப் வகைப் பாகங்கள். மதர்போர்டு அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டது. அது போனாலும், திரை போனாலும், மொத்தப் பெட்டியும் சர்வீஸ் சென்டருக்குப் போகும். பாகம் வரும்வரை கடை மூடல்தான்.

அசெம்பிள் செய்த கணினியில் அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் கழற்றி வேறொன்று மாட்டலாம். கடையில் ஸ்டாக் இருந்தால் அன்றைக்கே வேலை முடியும். திரை போனால் பக்கத்து வீட்டு மானிட்டரைக் கூட ஒரு நாளைக்கு வாங்கி ஓட்டிவிடலாம். இரண்டு வருடம் கழித்து ரேம் பத்தவில்லை என்றால் சேர்த்துக்கொள்ளலாம். இ-சேவை வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

யுபிஎஸ் சாதாரண விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது நம் மாவட்டத்துக்கு மறந்திருக்காது. கரண்ட் போவதை விட, திரும்பி வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜ்தான் கணினிக்கு ஆபத்து. கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். மேசை மேல் ஏற்றுங்கள். (ஆல்-இன்-ஒன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: தண்ணீர் வருகிறது என்றால் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்!)

அசெம்பிள் செய்வதில்தான் ஏமாறவும் இடம் அதிகம். "ஐ5 சிஸ்டம் சார், செம மலிவு" என்பார்கள். எத்தனையாவது தலைமுறை ஐ5 என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் குறைந்தது 8-ஆம் தலைமுறை வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறைப் பழைய பாகங்களைப் புதுக் கேபினெட்டில் போட்டுக் கொடுத்தால் வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்களின் ஆதார் எண்ணும் பாஸ்புக்கும் கடந்து போகிற கணினி அது. பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை.

விண்டோஸ் லைசென்ஸ் விலை கொட்டேஷனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கொட்டேஷன்களில் அது இருக்காது. திருட்டு காப்பிதான் ஏற்றித் தருவார்கள். ஆல்-இன்-ஒன்னில் பெரும்பாலும் லைசென்ஸ் சேர்ந்தே வரும். அதையும் கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசம் நாம் நினைத்த அளவுக்கு இருக்காது. சரி, லினக்ஸ் போடலாமே? போடலாம். ஆனால் உங்கள் கைரேகைக் கருவியும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் கணக்கில் முகையூர் மாதிரி ஊரில் மையம் நடத்த அசெம்பிள்தான் சரி, நம்பகமான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால். அப்படி யாரும் இல்லை, வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டியோடு ஆல்-இன்-ஒன் கிடைக்கிறது என்றால் அதையே வாங்குங்கள்.

அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. பெட்டியோடு வரும் பிராசஸருக்குப் பொதுவாக 3 ஆண்டு, மற்றவை மாறும். அதனால் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். "கம்ப்யூட்டர் - 1" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். பெட்டிகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் சரி, புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் சரி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்த பில்தான்.