தீயோன் தோற்றமும் ஏனையோர் குணமும்

ஆங்கில நாவல்களுள் 'காத்திக்' எனப் பெயர் பெற்ற வகுப்பு ஒன்று உண்டு. 1764-ஆம் ஆண்டில் ஹொரேஸ் வால்போல் வெளியிட்ட 'ஒட்ராண்டோக் கோட்டை' அதன் தொடக்கம் என்பர். பாழடைந்த மாளிகையும், நள்ளிரவும், கொடியோன் ஒருவனும் இக்கதைகளிற் பெரிதும் பயில்வன. அக்கொடியோன் அச்சமூட்டுதற்கே படைக்கப்பட்டான் எனப் பலர் கருதுவர். அவன் வெளிப்படுந்தோறும் ஏனையோர் குணம் விளங்குதலையும் வேறுபடுதலையும் காண்டலே அவற்றின் சிறந்த பயன் என்பது எமது கருத்து. பிராம் ஸ்டோக்கர் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிராகுலா' என்னும் நாவலைக் கொண்டு இதனை ஒருவாறு விளக்குவாம்.

இந்நூல் நாட்குறிப்புக்களும் கடிதங்களும் தந்திகளும் கோத்தமைத்த 27 அதிகாரங்களை உடையது. பிறர் பலரும் தத்தம் உள்ளத்தை எழுதிவைக்கின்றனர். டிராகுலாப் பிரபுவுக்கோ நாட்குறிப்பு ஒன்றில்லை. பிறர் கண்ணாலேயே அவனைக் காண்கிறோம். முதல் 4 அதிகாரங்களில் திரான்ஸில்வேனிய மலைக்கோட்டையில் அவன் அடுத்தடுத்துத் தோன்றுகிறான். பின்னர் அவன் நேரே வெளிப்படும் இடங்கள் சிலவே. ஆயினும் அவன் நிழல் படாத பக்கம் அரிது.

அக்கோட்டைக்கு அலுவலாகச் சென்றவன் ஜானதன் ஹார்க்கர் என்னும் இளம் வழக்கறிஞன். ஒருநாள் அவன் முகக்ஷவரம் செய்துகொள்கையில் பிரபு அருகே வந்து நிற்கிறான். கண்ணாடியிலோ அவனுருவம் தோன்றவில்லை. அக்கண்ணாடியையும் பிரபு சாளரத்தின் வழியே எறிந்துவிடுகிறான். தான் விருந்தினன் அல்லன், சிறையாளி என்பதை அன்று ஜானதன் உணர்கிறான். உண்ட உணவையும் கண்ட உடையையும் வியந்து கூறிய அவன் நாட்குறிப்பு, அதன்பின், அறிவு கலங்காமற் காக்கும் ஊன்றுகோலாகிறது. முடிவில், செங்குத்தான மதிலைப் பற்றி இறங்கவும் அவன் துணிகிறான். அத்துணிவை அவனுக்கு ஈந்தது அச்சமே.

பின்னர் இங்கிலாந்தில் பிரபுவை எதிர்க்கத் திரண்ட ஆடவர், ஜானதன் மனைவி மினாவைக் காப்பதாக எண்ணித் தம் ஆலோசனையினின்றும் அவளை விலக்கினர். அன்பினாற் செய்த அவ்விலக்கே கொடியோனுக்கு வாயிலாயிற்று. ஓரிரவு கதவை உடைத்து உட்புகுந்தோர், தன் குருதியை அவள் பருகுமாறு அவன் வருத்தும் கோரக் காட்சியைக் கண்டனர். ஜானதன் தலைமயிர் விடிவதற்குள் நரைத்தது. இனி அவளிடம் எதனையும் ஒளிப்பதில்லையென அனைவரும் உறுதி கொண்டனர். அவளோ அழுது ஓய்ந்தாளல்லள். தன்னைப் பிணித்த தளையையே அவன் செல்லும் வழியை அறியும் கருவியாக்கினாள். வான் ஹெல்சிங் என்னும் பேராசிரியர் தன்னை அறிதுயிலில் ஆழ்த்தி வினவுமாறு அவளே வேண்டினாள்.

இவற்றினும் அரியது ஒன்றுண்டு. பகைவனை நரகத்துக்கே அனுப்ப ஜானதன் துடிக்கிறான். மினா அவனைத் தடுக்கிறாள். அக்கொடியோனும் இரங்கத்தக்கவனே என்றும், தானும் ஒருநாள் அவனைப்போலாகி அவ்விரக்கத்தை வேண்டி நிற்றல் கூடும் என்றும் கூறுகிறாள். ஒருவன் செய்த தீங்கு ஓருள்ளத்தில் வன்மத்தையும் மற்றோருள்ளத்தில் அருளையும் எழுப்பிற்று. நவம்பர் 6-ஆம் நாள், ஞாயிறு மறையும் வேளையில், கொடியோன் மாய்கிறான். குவின்சி மாரிஸ் என்னும் அமெரிக்க நண்பனும் அப்போரில் உயிர் துறக்கிறான். மாயுங்கால் அக்கொடியோன் முகத்திலும் அமைதி தோன்றியதெனக் குறித்துவைப்பவள் மினாவே. அவனால் மிகுதியும் துன்புற்றவள் அவள் என்பதை நாம் மறத்தலாகாது.

கண்ணாடியில் உருவம் தோன்றாத அவன், தன்னை எதிர்த்தோர் குணத்திலேயே நமக்குத் தோன்றுகிறான். தீமையை வெல்லுதல் அரிது; அதனை எதிர்க்குங்கால் அதன் சாயல் நம்மீது படியாமற் காத்தல் அதனினும் அரிது. இக்கதையைப் படிப்போர், நடுக்கம் தீர்ந்த பின்னர், இதனையும் எண்ணிப் பார்ப்பாராக.