பொருத்துவாயில் புகும் நீர்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றின் தென்கரையில் அமைந்த ஊர் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரை ஒட்டிய ஆறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கிறது. படகு கட்டுவோர்க்கு இங்கு வேலையில்லை. ஆயினும் அவர்கள் எதிர்கொள்ளும் தலையாய சிக்கலை இவ்வட்டாரத்தினர் வேறொரு தொழிலின் வழியே நன்கு அறிவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழிலே பலரின் வாழ்வாதாரம். நன்கு பதனிட்டு எண்ணெய் ஏற்றிய தோலை நீர் எளிதில் ஊடுருவுவதில்லை. காலணிக்குள் அது புகுவது பெரும்பாலும் ஊசி துளைத்த வழியேதான். கைத்தையலுக்கு மெழுகு ஏற்றிய நூலைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. மரக்கலத்தின் நிலையும் இத்தகையதே. நல்ல பலகை ஒழுகுவதில்லை. இரு பலகைகள் சேரும் பொருத்துவாயே ஒழுகுகிறது.

பொருத்துவாயைக் கெட்டியான சாந்தால் அடைத்துவிட்டால் போதாதா என்ற வினா எழலாம். வெட்டிய பின்னும் மரம் அசைந்துகொண்டே இருக்கும் என்பதே இதற்கு விடை. அது நீரை உறிஞ்சி உப்பும், உலர்ந்து சுருங்கும். இம்மாற்றம் நீளவாக்கில் மிகச் சிறிது. அகலவாக்கில் அதனினும் பல மடங்கு. வெயிலில் நெடுநாள் கிடந்த படகை நீரில் இறக்கினால் முதலில் ஒழுகும். ஓரிரு நாளில் பலகைகள் ஊறி ஒன்றையொன்று நெருக்கவே, ஒழுக்குத் தானே குறையும். இறுகிப்போன சாந்து இந்த அசைவைத் தாங்காமல் வெடித்துவிடும். ஆகவே, மரத்தோடு சேர்ந்து தானும் நெகிழும் அடைப்பே படகிற்கு ஏற்றது.

இவ்வாறு பொருத்துவாயை அடைக்கும் வேலையைக் 'கலப்பற்று' என்பர். அரபியிலும் போர்ச்சுகீசியத்திலும் இத்தொழிலைக் குறிக்க இதனை ஒத்த சொற்களே வழங்குகின்றன. கடலோடிகளோடு தொழில்மட்டுமன்றிச் சொல்லும் துறைமுகம் விட்டுத் துறைமுகம் சென்றிருக்கிறது போலும். ஓடாவி எனப்படும் படகுத் தச்சர், பலகைகளின் உட்புற விளிம்புகள் நெருங்கியும் வெளிப்புற விளிம்புகள் சற்றே விலகியும் இருக்குமாறு இணைப்பார். அந்த இடைவெளியில் பஞ்சுத் திரியையோ நாரையோ வைத்து, முனை மழுங்கிய உளியாலும் மரச் சுத்தியாலும் அடித்து இறுக்குவர். அதன்மேல் எண்ணெயோடு காய்ச்சிய குங்கிலியம் போன்ற பிசின் பூசப்படும். அளவறிந்து அடிப்பதில்தான் இவ்வேலையின் நுட்பம் உள்ளது. தளர்வாக அடித்த திரி அலையில் கழன்றுவிடும். மிகையாக அடித்தாலோ, மரம் ஊறி உப்பும்போது இடமின்றிப் பலகையே ஆணியை விட்டுப் பெயர்ந்துவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ, கீல் கிடைக்காத கப்பல் தச்சர்கள் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மரத்தின் எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பூசியதைக் குறித்துவைத்துள்ளார். இத்தகைய சுண்ணாம்புப் பூச்சினால் மற்றொரு பயனும் உண்டு. வெதுவெதுப்பான கடல்களில் மரத்தைக் குடைந்து தின்னும் கப்பற்புழுவை அது தடுக்கிறது. புழு என்று பெயர் பெற்றிருப்பினும் இவ்வுயிர் சிப்பி இனத்தைச் சேர்ந்ததாகும்.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு இக்கலையை வேறொரு திசையில் கொண்டுசென்றது. சலங்கு என்றும் வழங்கிய இப்படகில் ஆணியும் இல்லை. உள்ளே விலாச்சட்டமும் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, பொருத்துவாயின்மேல் நாரைத் திணித்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைத்தனர். சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய 1875ஆம் ஆண்டுக்கு முன்பு, கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் சரக்கும் அலைகளைக் கடந்து கரைசேர்வதற்கு இப்படகுகளையே நம்பியிருந்தனர். ஆணியடித்த விறைப்பான படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மீளும். வளையும் பொருத்துவாயில் நீர் கசியத்தான் செய்யும். அதனை இறைத்து ஊற்றுவதும் படகோட்டிகளின் வேலைகளுள் ஒன்றாயிற்று. சிறிது நீரை உள்ளே விட்டு உயிரைக் காத்த இந்த ஏற்பாடு, மெய்யான பொறியியல் அறிவின் பயனாகும்.

ஆற்றுப் படகான பரிசலில் தையலின் சிக்கல் பெரிதும் குறைந்தது. மூங்கிலாலும் பிரம்பாலும் பின்னிய கூடையின் வெளிப்புறத்தைத் தோலால் போர்த்தினர். ஏறத்தாழ 1520இல் விசயநகரம் வந்த போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பயசு, அங்கே ஆற்றைக் கடத்திய தோல் போர்த்த வட்டப் படகுகளை விவரித்துள்ளார். தோலும் நெடுநேரம் நீரில் கிடந்தால் ஊறித் தளரும். எனவே அவ்வப்போது கரையேற்றி உலர்த்துதல் வேண்டும். இன்று ஒகேனக்கல்லில் தோலின் இடத்தை நெகிழித்தாளும் தாரும் பிடித்துக்கொண்டன.

கடற்கரையிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. பழைய மரப்படகின்மேல் கண்ணாடியிழைப் போர்வை ஒட்டுவோரும் உளர். போர்வையில் கீறல் விழுந்து நீர் புகுந்துவிட்டால், அது வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே பளபளப்பாகத் தெரியும் படகின் இத்தகைய கேடு, கடலுக்குச் செல்வோரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மாணவர் செய்யும் சிறிய மாதிரிப் படகிற்கு முறை சற்றே மாறும். அது சிறிது நேரமே நீரில் மிதப்பதால், பலகை ஊறி இடைவெளியை அடைக்க நேரம் கிடைக்காது. ஆகவே உள்ளும் புறமும் வார்னிசு பூசி, மரம் நீரை உறிஞ்சாமலேயே தடுத்தல் வேண்டும். பலகையின் வெட்டுமுனைகளுக்குக் கூடுதல் பூச்சுத் தேவை. மரத்தின் நுண்குழல்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன.

தைத்த கலம் மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட காலத்தில், அசந்தா ஓவியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் தலைமையிலான கைவினைஞர்கள், தென்னங்கயிறு, நார், இயற்கைப் பிசின் ஆகியவற்றைக் கொண்டு அதன் பலகைகளைத் தைத்து இணைத்தனர். பழங்கால வரைபடம் எதுவும் கிடைக்காமையால், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையில் அதன் மாதிரியை நீரில் சோதித்துப் பார்த்தனர். 2025 மே 21ஆம் நாள் கார்வார் கடற்படைத் தளத்தில் அக்கப்பல் 'கௌண்டின்யா' என்னும் பெயருடன் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.