மனச்சுமையை இறக்கி வைப்போம்

தேர்வு நெருங்க நெருங்க நம்மில் பலருக்கு உறக்கம் வருவதில்லை. வயிறு கலங்குகிறது, கை வியர்க்கிறது, படித்ததெல்லாம் மறந்தாற்போல் தோன்றுகிறது. இதைக் கோழைத்தனம் என்று ஏசுவது தவறு. ஆபத்து என்று மனம் எண்ணியவுடன் அட்ரினலின், கார்டிசால் என்னும் சுரப்புகள் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பை விரைவாக்குகின்றன. ஆபத்து விலகினால் உடல் தானே அமைதியுறும். நெருக்கடி மாதக்கணக்கில் நீடித்தால்தான் பசியும் உறக்கமும் நினைவாற்றலும் கெடுகின்றன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய நம் கடலோர ஊர்களைத் தாக்கியது. உணவும் உடையும் வீடும் கொடுத்தால் மட்டும் போதாது, துயரத்தைச் செவிமடுக்க ஒருவரும் வேண்டும் என்பதை அந்நாட்கள் நமக்கு உணர்த்தின.

மனநல ஆலோசகர் செய்வதும் முதலில் அதுவே. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை; பொறுமையாகக் கேட்கிறார். பின்னர், பெரிய மலையாகத் தெரியும் கவலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இன்று செய்யக்கூடியது எது என்று நாமே கண்டுகொள்ளத் துணைபுரிகிறார். வளரிளம் பருவத்தாரிடம் தனியாகவும் பேசுவார். சொன்னதை இரகசியமாகக் காப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் பெரியவர்களிடம் தெரிவிப்பார்.

குடும்பத்தையும் அவர் ஒதுக்குவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது நெடுநாளைய வழக்கம். ஒருவரின் துன்பத்தில் வீட்டார் அனைவருக்கும் பங்குண்டு. அதைத் தீர்ப்பதிலும் உண்டு. ஆகவே பெற்றோரே, மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

வாழவே வேண்டாம் என்று ஒரு தோழி சொன்னால், அதை விளையாட்டாக எண்ணலாகாது. இரகசியம் காப்பதைவிட அவள் உயிர் பெரிது. அவளைத் தனியே விடாமல், உடனே அருட்சகோதரியிடமோ ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்லவேண்டும். இத்தகையோருக்காகவே மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கினார். 2022 முதல் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையும் உள்ளது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மனம் கலங்கியபோது, தம்மோடு விழித்திருக்கும்படி சீடர் மூவரைக் கேட்டுக்கொண்டார். துணை கேட்பது விசுவாசக் குறைவன்று. கேட்கும் தோழிக்கு நாம் விழித்திருப்போமாக!