நாள் தள்ளிப் போச்சு. கோடு மட்டும் ஒண்ணுதான்!

கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்: டாக்டர்கள் எச்சரிக்கை

சென்னை: “ஏம்மா, முழுகாம இருக்கியா?”

மருமகளுக்கு ஒரு வாரம் நாள் தள்ளிப் போனால் போதும். வியாசர்பாடி ஆனாலும் சரி, மயிலாப்பூர் ஆனாலும் சரி, மாமியார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உடனே மருந்துக் கடையில் இருந்து சோதனை அட்டை வருகிறது. காலையில் சிறுநீர் விட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கோடு! கர்ப்பம் இல்லையாம்.

அப்படியானால் மாதவிலக்கு ஏன் வரவில்லை? “பப்பாளி சாப்பிட்டா வந்துடும்” என்கிறார் ஒருவர். “உடம்புல ஏதோ கோளாறு” என்று முகத்தைத் திருப்புகிறார் இன்னொருவர். நடுவில் தவிப்பது அந்தப் பெண்தான்.

ஒரு வாரம் பொறுங்கள்

கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகே எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கும். அதைத்தான் அட்டை காட்டுகிறது. அந்த மாதம் கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால், கர்ப்பமாக இருந்தாலும் முதலில் தெரியாமல் போகலாம். ஒரு வாரம் கழித்து, காலையில் வரும் முதல் சிறுநீரில் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்போதும் ஒரே கோடா?

காரணங்கள் பல. மனக்கவலை, திடீரென்று உடம்பு இளைப்பது, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி ஆகியவை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும்.

உடல் பெருத்து, முகத்தில் முடியும் பருவும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். தைராய்டு கோளாறும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் கூடுவதும் மாதவிலக்கை நிறுத்தும். மனநோய்க்கான சில மாத்திரைகளாலும் இப்படி ஆகும்.

பால் கொடுக்கும் தாய்க்கு நாள் வராமல் இருப்பது சகஜம். அரசு ஆஸ்பத்திரிகளில் 3 மாதத்துக்கு ஒரு தடவை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியாலும் வராமல் போகலாம். 40 வயதுக்கு முன்பே அடியோடு நின்றுவிட்டால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இதுதான் ஆபத்து

“நாள் வர மாத்திரை குடுங்க” என்று கடையில் கேட்டு வாங்குவது தப்பு. காரணம் தெரியாமல் மாத்திரை போட்டால், உள்ளே இருக்கும் நோய் மறைந்து வளரும்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அட்டையில் ஒரே கோடு வந்திருந்தாலும் சரி, உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

எங்கே போவது?

ஒழுங்காக நாள் வருகிறவர்களுக்கு 3 மாதம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். எழும்பூர் தாய்சேய் நல ஆஸ்பத்திரியிலும், திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியிலும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கடைசியாக நாள் வந்த தேதியைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

கணவரும் கூடப் போகட்டும். ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு ‘மலடி’ என்று பேசும் வாய்க்கு, டாக்டரின் சீட்டே சரியான பதில்!